தராசு காட்டாத தசை

ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, எத்தனை மில்லி டிரிப்ஸ் ஏறியது, எத்தனை மில்லி சிறுநீர் போனது, எல்லாம் நேரம் போட்டு எழுதியிருக்கும். மதியச் சாப்பாட்டில் எவ்வளவு உள்ளே போனது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. தட்டு வந்தது, தட்டு போனது, அவ்வளவுதான். எடை என்று ஓர் எண் இருக்கும். அதையும் பல நேரம் யாரும் நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், நோயாளியே குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கும்.

மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருக்கும் எனக்கு இந்த வெற்றிடம் பெரிய உறுத்தல். சாப்பிடாமல் இருப்பது நோயின் விளைவு மட்டும்தானா, நோயாளி தேறாமல் போவதற்கு அதுவே ஒரு காரணமா? வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "நோய் சரியானால் பசி தானா வந்துடும்" என்று பதில் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடித்தான் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு உறுதியானது ஒன்று உண்டு. நோயாளிக்கு எவ்வளவு ஊட்டுகிறோம் என்று கேட்பதற்கு முன்னால், அவர் உடலில் எது கரைகிறது, இப்போது எதை ஏற்கும் நிலையில் அந்த உடல் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

1936இல் ஹைரம் ஸ்டட்லி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், நாள்பட்ட வயிற்றுப்புண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். அறுவைக்கு முன்பே உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அந்த அளவுக்கு இழக்காதவர்களில் இறப்பு 3.5 சதவீதம். வயதைப் பார்த்தார், இதயம், நுரையீரல் நிலையைப் பார்த்தார், என்ன வகை அறுவை என்று பார்த்தார். எதுவும் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, இன்றைக்கு அதை மட்டும் வைத்து யாரும் முடிவுகட்ட மாட்டார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒருவர் இப்போது எத்தனை கிலோ என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்ததில் எத்தனை சதவீதம் போய்விட்டது என்று கேட்டார்.

அதன்பின் 1974இல் சார்லஸ் பட்டர்வொர்த் என்ற மருத்துவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் ஊட்டச்சத்துக் குறைந்து போகிறார்கள், அதற்கு நம்முடைய பழக்கங்களே காரணம் என்று சொல்லி அவர் ஒரு பட்டியல் போட்டார். உயரமும் எடையும் பதிவு செய்யாமல் விடுவது, பரிசோதனைக்காகச் சாப்பாட்டை நிறுத்துவது, குளுக்கோஸ், சலைன் டிரிப்ஸை மட்டுமே நாள்கணக்கில் ஓட்டுவது, நோயாளி எவ்வளவு சாப்பிடுகிறார் என்று கவனிக்காமல் இருப்பது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதில் ஒரு வரியைக்கூட என்னால் அடிக்க முடியவில்லை.

பட்டினியில் உடலுக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஆன்சல் கீஸ் நடத்திய மினசோட்டா ஆய்வை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போனது. சோர்வு, எரிச்சல், எதிலும் ஆர்வமின்மை, எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பு, காலில் வீக்கம். பின்பு வயிறாரச் சாப்பாடு கொடுத்தபோது கொழுப்பு முதலில் திரும்பியது, தசை பின்தங்கித்தான் வந்தது. தராசில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவையும் 'தேறிவிட்டார்' என்று எழுதிவிடக் கூடாது என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கடைசித் தகவல்தான். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. வார்டில் நான் பார்க்கும் பலருக்கு அதில் பாதிகூட உள்ளே போவதில்லை.

அந்த இளைஞர்களுக்கு நோய் எதுவும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆரோக்கியமான உடல் பட்டினி கிடந்தால் சில நாட்களில் சிக்கனத்துக்குப் பழகிவிடும். 1960களில் ஜார்ஜ் கேஹிலின் குழு இதை அழகாக நிறுவியது. பட்டினி நீளும்போது மூளை குளுக்கோஸை நம்பியிருப்பதைக் குறைத்துக்கொண்டு, கொழுப்பிலிருந்து உருவாகும் கீட்டோன்களை எரிக்கத் தொடங்குகிறது. அதனால் தசைப் புரதத்தை உடைத்து குளுக்கோஸ் செய்ய வேண்டிய தேவை குறைகிறது, தசை காப்பாற்றப்படுகிறது.

நோயுற்ற உடலுக்கு இந்தச் சிக்கனம் வராது. கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் 1930களின் தொடக்கத்திலேயே இதைப் பார்த்தார். கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார். நைட்ரஜன் என்றால் உடைந்த புரதம். அடிபட்ட இடத்துத் திசு மட்டும் சிதைந்தால் வரக்கூடிய அளவைவிட மிக அதிகமாக வெளியேறியது. அதாவது முறிந்தது ஒரு கால்தான், ஆனால் உடல் முழுக்க இருக்கும் தசை கரைந்துகொண்டிருந்தது. காயம், கிருமித்தொற்று, புற்றுநோய் என்று எதில் அழற்சி, அதாவது உடலின் தற்காப்புக் கொந்தளிப்பு, தூண்டப்பட்டாலும் கல்லீரலுக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் அமினோ அமிலங்கள் அவசரமாகத் தேவை. தசைதான் அவற்றுக்குப் பெரிய சேமிப்பு. அதற்கு மேல் படுக்கையில் அசையாமல் கிடப்பதும் சேர்ந்துவிடுகிறது. 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசு போயிற்று. அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை.

சரி, தராசு இதைக் காட்டாதா? காட்டாது. வயிற்றில் நீர் கோத்தவருக்குத் தசை கரையக் கரைய நீர் ஏறும், எடை அப்படியே நிற்கும். ஐசியூவில் சேர்ந்த நோயாளிக்கு முதல் சில நாட்களில் எடை கூடவும் செய்யும், எல்லாம் ஏற்றிய திரவம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் பிஎம்ஐயும் கைகொடுக்காது. 19ஆம் நூற்றாண்டில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதவியலாளர் மக்கள்தொகையின் சராசரிகளை ஆராயும்போது கண்ட விகிதம் அது. 1972இல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கூட்டத்தை அளக்க நல்ல கருவி. தனி ஒருவர் தோலுக்கு அடியில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று சொல்லும் வேலைக்கு அது உருவாக்கப்படவே இல்லை.

இந்த இடத்தில்தான் சி.டி. ஸ்கேன் உள்ளே வந்தது. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்குக் கட்டியின் அளவைப் பார்க்க எப்படியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதே படத்தில் இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டை எடுத்துக்கொண்டால் போதும். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் ஓர் அடர்த்தி உண்டு. மைனஸ் 29 முதல் பிளஸ் 150 வரை இருப்பதைத் தசை என்று எடுத்துக்கொண்டு பரப்பளவைக் கணக்கிடுவார்கள். கொழுப்பு அதற்கும் கீழே வரும். அந்த ஒரு வெட்டில் தெரியும் தசைப் பரப்பு, உடல் முழுக்க உள்ள தசையின் அளவோடு நன்றாகப் பொருந்துகிறது. அதை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆளுக்கு ஆள் ஒப்பிடலாம். கூடுதல் கதிர்வீச்சு கிடையாது, நோயாளியை மறுபடி மேஜையில் படுக்கவைக்க வேண்டியதும் இல்லை. பல ஆண்டுகளாக எடுத்து அடுக்கிவைத்திருந்த படங்களில் கட்டியை மட்டும் பார்த்துவிட்டு, சுற்றியிருந்த மனிதரைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

2008இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கார்லா பிராடோவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி திரும்பிப் படிப்பதுண்டு. நுரையீரல், உணவுப்பாதைப் புற்றுநோயுள்ள 2,115 பேரில் 325 பேர் பிஎம்ஐ 30க்கு மேல் இருந்தவர்கள். அவர்களில் 250 பேருக்கு அளக்கத்தக்க ஸ்கேன் இருந்தது. பார்த்தால், அந்தப் பருமனானவர்களில் 15 சதவீதம் பேருக்குத் தசை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. அவர்கள் அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் திறன் குறைந்திருந்தது, ஆயுளும் குறைந்தது. நோயின் கட்டம் முதலான மற்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. கீமோதெரபி மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பளவைக் கொண்டுதான் பல நேரம் முடிவு செய்கிறார்கள். ஒரே பரப்பளவுள்ள இருவரில் ஒருவருக்கு அந்த எடையில் பெரும்பகுதி தசையாக இருக்கலாம், மற்றவருக்குக் கொழுப்பாக இருக்கலாம். மருந்து கலந்து பரவுவதற்கு உடலில் கிடைக்கும் இடம் இதனால் மூன்று மடங்கு வரைகூட வேறுபடலாம் என்று அந்தக் குழு கணக்கிட்டது. தசை குறைந்தவர் உடல் தாங்குவதைவிட அதிக மருந்தைப் பெறுகிறார். நச்சு விளைவு அதிகமாகி, டோஸைக் குறைக்கிறோம், அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுகிறோம். சிகிச்சையே தடம் மாறிவிடுகிறது.

பருமனான ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைவு என்று யாருக்கும் தோன்றாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. "அப்பா கொஞ்சம் இளைச்சா நல்லதுதானே மேடம், டாக்டரே முன்னாடி எடையைக் குறைக்கச் சொன்னார்" என்று மகள்கள், மகன்கள் என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் மீது தவறில்லை. ஆரோக்கியமாக இருக்கும்போது நடந்து, அளவாகச் சாப்பிட்டு எடை குறைப்பது வேறு. நோயில் பசியற்றுக் கிடக்கும்போது தானாகக் குறைவது வேறு. இரண்டாவதில் போவது பெருமளவு தசை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, முன்பு ஏறிய படியில் இப்போது ஏற முடிகிறதா, பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா என்று கேட்டால் அவர்களே யோசித்துவிட்டு, "ஆமாம், கொஞ்ச நாளா முடியல" என்பார்கள்.

2013இல் அதே ஆல்பர்ட்டாக் குழு 1,473 புற்றுநோயாளிகளைப் பார்த்தது. எடை இழப்பு, குறைந்த தசை, தசைக்குள்ளேயே கொழுப்பு ஊடுருவி அதன் அடர்த்தி குறைந்திருப்பது என மூன்றும் உள்ளவர்கள் சராசரியாக 8.4 மாதம் வாழ்ந்தார்கள். மூன்றும் இல்லாதவர்கள் 28.4 மாதம். ஒல்லியா பருமனா என்பது இந்த வேறுபாட்டில் ஒரு பொருட்டாகவே இல்லை. 'பருமனானவர்கள் சில நோய்களில் அதிக நாள் பிழைக்கிறார்களே' என்று சில ஆய்வுகளைக் காட்டிக் கேட்பவர்களுக்கும் இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. நோய் முற்ற முற்ற ஆள் இளைக்கிறார். அந்த நிலையில் பிஎம்ஐயை அளந்தால் ஒல்லியானவர்களின் பக்கத்தில் நோய் முற்றியவர்கள் அதிகம் சேர்ந்துவிடுவார்கள். கொழுப்பு காப்பாற்றியது போலத் தோன்றும்.

இதுவரை சொன்னது எல்லாம் தொடர்பு. தசை குறைந்தவர் சீக்கிரம் இறக்கிறார் என்பதிலிருந்து தசையை ஏற்றினால் பிழைப்பார் என்று தாவிவிட முடியாது. அப்படித் தாவியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். அனமொரெலின் என்ற மாத்திரையை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2016இல் வெளியாகின. கொழுப்பில்லாத் திசு கூடியது, ஆனால் கைப்பிடி வலிமை கூடவில்லை. ஸ்கேனில் சதுர சென்டிமீட்டர் ஏறுவதை நோயாளி உணர மாட்டார். தன் கையால் டம்ளரைத் தூக்க முடிந்தால்தான் உணர்வார். அதனாலேயே இப்போது தசைநலிவைப் பற்றிப் பேசும் ஐரோப்பிய, ஆசிய நிபுணர் குழுக்கள் வலிமைக்கு முன்னிடம் கொடுக்கின்றன. ஆசியக் குழுவின் 2019 வரையறைப்படி கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் கவனிக்க வேண்டும். அதற்கான கருவி கைக்குள் அடங்கும், அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, ஊட்டும் விஷயம். என் தொழிலில் இருப்பவர்களுக்குக் கசப்பான ஆய்வுகள் இங்கேதான் இருக்கின்றன.

ஐசியூ நோயாளியின் தசை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று 2013இல் லண்டனில் அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்தார்கள். 63 நோயாளிகள். பத்தாவது நாளுக்குள் முன்தொடைத் தசையின் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இன்னும் மோசம். இதைப் பார்க்கும் எவருக்கும் 'உடனே ஊட்டு, நிறைய ஊட்டு, புரதத்தைக் கூட்டு' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. நியாயமான ஆசைதான். ஆனால் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன.

பெல்ஜியத்தில் 4,640 ஐசியூ நோயாளிகளைக் கொண்டு நடந்த எபானிக் ஆய்வு 2011இல் வெளியானது. வாய்வழியோ குழாய்வழியோ போதிய அளவு போகாதபோது, பற்றாக்குறையை ரத்தநாளம் வழியாக முதல் இரண்டு நாட்களிலேயே ஈடுகட்டுவதா, ஒரு வாரம் பொறுப்பதா என்பது கேள்வி. பொறுத்தவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது, சீக்கிரம் தேறினார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், குழாய் உணவில் ஒன்றரை மடங்கு கலோரி அடர்த்தி வைத்தும் 90 நாள் உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை. 2023இல் பிரான்சில் 3,044 பேரிடம் நடந்த நியூட்ரிரியா-3 ஆய்வில், முதல் வாரத்தில் குறைவான கலோரியும் குறைவான புரதமும் பெற்றவர்கள் ஐசியூவிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே வெளியேறும் நிலைக்கு வந்தார்கள். அதே ஆண்டு 16 நாடுகளில் 1,301 பேரைக் கொண்டு நடந்த புரத ஆய்வில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 2.2 கிராமோ அதற்கு மேலோ புரதம் தருவதை இலக்காக வைத்தும் பயனில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கெடுதல்கூட நேர்ந்திருக்கலாம் என்ற அறிகுறி கிடைத்தது.

ஏன் இப்படி? கடும் நோயின் முதல் நாட்களில் உடல் தானே குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. நாம் வெளியிலிருந்து கொடுத்தாலும் அந்தத் தயாரிப்பு நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்து மிகையூட்டம் ஆகிவிடுகிறது. தமக்குள்ளே பழுதடைந்த நுண்பாகங்களை உடைத்துத் துப்புரவாக்கும் வேலையைச் செல்கள் உள்ளுக்குள் செய்துகொள்கின்றன. ஊட்டம் அந்த வேலையை அடக்கிவிடும். தசையும் அந்நேரம் அமினோ அமிலத்தை ஏற்றுக் கட்டும் நிலையில் இல்லை. கனமழையில் நனைந்த சுவருக்கு அன்றைக்கே பூச்சு பூசினால் ஒட்டுவதில்லை அல்லவா, அந்த மாதிரி. நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதில் இன்னொரு அபாயமும் உண்டு. இன்சுலின் சுரந்து பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அவை சரிந்தால் இதயம் தடுமாறும், மூச்சுத்தசை சோரும். இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். ஆகவே எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்காமல் யாருக்கும் முழு அளவு எழுதக் கூடாது.

இந்த ஆய்வுகளைச் சொல்லி 'பார்த்தீர்களா, ஊட்டச்சத்தால் ஒன்றும் ஆகாது' என்று முடிப்பவர்களோடு நான் கடுமையாக முரண்படுகிறேன். அவை ஐசியூவின் முதல் வாரத்தைப் பற்றியவை. வார்டில் படுத்திருக்கும், சுயநினைவுள்ள, மெல்ல இளைத்துக்கொண்டிருக்கும் நோயாளியைப் பற்றியவை அல்ல.

அந்த நோயாளிக்கான ஆய்வு 2019இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. ஃபிலிப் ஷூட்ஸ் தலைமையில் எட்டு மருத்துவமனைகள். பொது மருத்துவ வார்டில் சேர்ந்த, ஊட்டச்சத்து அபாயம் உள்ளதாகக் கண்டறியப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. மீதிப் பேருக்கு உணவியல் நிபுணர் ஒருவர் கலோரிக்கும் புரதத்துக்கும் தனித்தனி இலக்கு வைத்து, நோயாளிக்குப் பிடித்ததைக் கேட்டு, உணவை மாற்றி, தேவைப்பட்டால் ஊட்டச்சத்து பானம் சேர்த்து, அதுவும் போதாவிட்டால் மட்டும் குழாய் என்று படிப்படியாகப் போனார். 30 நாளில் கடும் பாதிப்பு ஏதேனும் ஏற்பட்டவர்கள் வழக்கமான சாப்பாட்டுக் குழுவில் 27 சதவீதம், கவனிப்புக் குழுவில் 23 சதவீதம். இறந்தவர்கள் 10 சதவீதம், 7 சதவீதம். 37 பேரை இப்படிக் கவனித்தால் ஓர் உயிர். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் புது மருந்தோ பெரிய இயந்திரமோ இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வாய்வழி உணவே போதுமானதாக இருந்தது. இதே பலனை ஒரு மாத்திரை காட்டியிருந்தால் அடுத்த வாரமே எல்லா வார்டிலும் அது எழுதப்பட்டிருக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

அந்தத் தரவைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதம் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்கு இறப்பில் பயன் தெரியவில்லை. அழற்சி மிதமாக இருந்தவர்களுக்குத்தான் பயன். ஐசியூ ஆய்வுகள் சொன்னதும் இதுவும் ஒன்றுக்கொன்று இயல்பாகப் பொருந்துகின்றன. உடல் கொந்தளிக்கும்போது அது ஏற்காது, கொந்தளிப்பு அடங்கும்போது ஏற்கும்.

யாருக்கு என்பதும் முக்கியம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 4,023 பக்கவாத நோயாளிகளில் ஒரு பாதிக்குக் கூடுதல் ஊட்டச்சத்து பானம் கொடுத்தார்கள், பயன் தெரியவில்லை. ஆனால் அவர்களில் 8 சதவீதம் பேர் மட்டுமே தொடக்கத்தில் ஊட்டச்சத்துக் குறைந்தவர்களாக மதிப்பிடப்பட்டவர்கள். தேவையில்லாதவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் தேவைப்பட்டவர்களுக்குக் கிடைத்த நன்மை அந்தச் சராசரியில் கரைந்துபோகும். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே பவுடரை எழுதிக் கொடுப்பதை ஊட்டச்சத்துச் சிகிச்சை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்கிறார்கள். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவு, ஆகவே உணவில் புரதம் குறைவு என்று. இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். அழற்சி வந்தால் கல்லீரல் ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும், ரத்தநாளத்திலிருந்தும் அது கசியும். நல்ல ஊட்டத்தோடு இருந்த ஒருவருக்குக் கடும் தொற்று வந்தால் ஒரே நாளில் ஆல்புமின் சரிந்துவிடும். கடுமையாக இளைத்துப்போன, ஆனால் அழற்சி இல்லாத ஒருவருக்கு அது இயல்பாகவே இருக்கும். ஆல்புமின் குறைந்தவர் ஆபத்தில் இருக்கிறார் என்பது சரி. ஆனால் அது நோயின் கடுமையைச் சொல்கிறது, தட்டில் இருந்ததைச் சொல்லவில்லை. அமெரிக்க ஊட்டச்சத்துச் சங்கமும் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆல்புமின் ஏறவில்லை என்று சொல்லி முட்டையை இரட்டிப்பாக்கச் சொல்லும் குறிப்பு எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைவிட இரண்டு கேள்விகள் அதிகம் சொல்லும். ஆறு மாதத்தில் தானாக எடை குறைந்ததா? 5 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழே போயிருந்தால், கவனிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கும் மேலாக வழக்கத்தில் பாதியோ அதற்கும் குறைவாகவோ சாப்பிடுகிறாரா? உலகளவில் ஊட்டச்சத்துச் சங்கங்கள் ஒன்றுகூடி உருவாக்கிய இன்றைய வரையறையின் முதுகெலும்பு இவைதான். அதோடு அழற்சி இருக்கிறதா, தசை குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்க்கிறார்கள். கெண்டைக்காலைச் சுற்றி ஒரு டேப் வைத்தால் தசையைப் பற்றி ஓரளவுக்குத் தெரிந்துவிடும், வீக்கம் இல்லாவிட்டால்.

மருத்துவமனைக்குள் நடக்கும் தேவையற்ற பட்டினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயக்க மருந்துக்கு முன் திட உணவுக்கு ஆறு மணி நேரமும் தெளிந்த நீராகாரத்துக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி போதும் என்று வழிகாட்டு நெறிகள் பல ஆண்டுகளாகச் சொல்கின்றன. நடைமுறையில் 'நள்ளிரவுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்' என்று எழுதிவிடுகிறார்கள். மதியம் ஸ்கேன் என்றால் காலையும் போகிறது. ஸ்கேன் மறுநாளுக்குத் தள்ளிப்போனால் இரண்டாவது நாளும் இதே கதை. வயதான, ஏற்கெனவே இளைத்த ஒருவருக்கு ஒரு வாரத்தில் இப்படி மூன்று முறை நடந்தால் என்ன ஆகும் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 25 நாடுகளில் ஒரே நாளில் நோயாளிகளின் தட்டைக் கவனித்த ஒரு கணக்கெடுப்பின் முடிவு 2009இல் வெளியானது. உணவில் கால் பங்கு மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, முழுவதும் சாப்பிட்டவர்களைவிட அடுத்த 30 நாளில் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சாப்பிட அனுமதி இருந்தும் ஒன்றும் தொடாதவர்களுக்கு மூன்று மடங்கு. நோய் கடுமையானவர்தான் சாப்பிட மாட்டார் என்று வாதிடலாம், வாதம் சரிதான். அப்படியே இருந்தாலும், தொடப்படாத தட்டு ஒரு எச்சரிக்கை. காய்ச்சல் 103 போனால் செவிலியர் மருத்துவரைக் கூப்பிடுகிறார். தட்டு மூன்று வேளை அப்படியே திரும்பினால் யாரையும் கூப்பிடுவதில்லை.

சுவிஸ் ஆய்வுக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அந்த நோயாளிகளை ஆறு மாதம் வரை தொடர்ந்து பார்த்தபோது இறப்பில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிருந்தது. கவனிப்பு மருத்துவமனையில் இருந்தவரைதான். டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டுக்கு மாத்திரைச் சீட்டு போனது, உணவுத் திட்டம் தொடரவில்லை. தசை பின்தங்கித்தான் திரும்பும் என்று மினசோட்டா இளைஞர்களிடமே பார்த்தோம். அவர்களோ இளைஞர்கள், நோயில்லாதவர்கள். எழுபது வயதில் நிமோனியாவிலிருந்து தேறும் ஒருவருக்கு அதற்கு மாதங்கள் வேண்டும். ஊட்டத்தோடு எழுந்து நடப்பதும், தசைக்கு வேலை கொடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

அதனால் இப்போது நான் எழுதும் டிஸ்சார்ஜ் குறிப்பில் சில வரிகளைக் கட்டாயம் சேர்க்கிறேன். சேர்ந்த அன்று எடை, போகும் அன்று எடை, வீக்கம் இருந்ததா, கைப்பிடி வலிமை எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை கிராம் புரதம் உள்ளே போக வேண்டும், தினம் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது இதே நான்கைந்து எண்களைக் கொண்டுவரச் சொல்கிறேன். பலர் எடையை மட்டும் சொல்கிறார்கள். சிலர் நோட்டுப் புத்தகத்தில் எழுதியே கொண்டுவருகிறார்கள். அப்படிக் கொண்டுவருபவர்களின் எண்களை மருத்துவரின் பார்வைக்கு, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பின் செய்து வைக்கிறேன்.